கையெழுத்து வேறு, மனம் ஒத்துப்போவது வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் 'மீட்டிங் ஆஃப் மைண்ட்ஸ்' (மனங்கள் ஒத்துப்போதல்) என்ற ஆங்கிலத் தொடருக்கு, "இரு தரப்பும் கையெழுத்திட்டுவிட்டால் மீட்டிங் ஆஃப் மைண்ட்ஸ் ஏற்பட்டுவிட்டது" என்று விளக்கம் தந்திருந்தீர்கள். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 13ஆவது பிரிவு தாங்கள் அறியாததல்ல. ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஒப்புக்கொள்வதுதான் சம்மதம் என்கிறது அது. கையெழுத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. 1864இல் இங்கிலாந்தில் தீர்ப்பான 'பியர்லெஸ்' கப்பல் வழக்கும் தங்களுக்குத் தெரிந்ததுதான். பம்பாயிலிருந்து பியர்லெஸ் கப்பலில் வரும் பருத்தி என்று பேரம் முடிந்தது. அந்தப் பெயரில் இரண்டு கப்பல்கள்! வாங்கியவர் நினைத்தது அக்டோபரில் புறப்பட்டதை; விற்றவர் நினைத்தது டிசம்பரில் புறப்பட்டதை. சரக்கை ஏற்க மறுத்தவர் பக்கமே தீர்ப்பானது. சட்டத்தை விடுங்கள், சாதாரணப் பேச்சிலும் இருவர் பேசிப் பேசி ஒரே புரிதலுக்கு வந்ததைத்தான் இந்தத் தொடர் குறிக்கும். ஒருவர் சோர்ந்துபோய்த் தலையாட்டியதை அல்ல.

நான் தொழிற்சங்கப் பொறுப்பில் இருந்தவன். எங்கள் ஆலையில், 1947ஆம் ஆண்டு தொழில் தகராறுச் சட்டத்தின் 12(3) பிரிவின்படி நிர்வாகமும் சங்கமும் போட்ட ஒப்பந்தத்தில் 'பதவி உயர்வு பணிமூப்பின்படி' என்று ஒரு வரி. வேலைக்குச் சேர்ந்த தேதியிலிருந்து கணக்கு என்பது எங்கள் எண்ணம். இப்போதைய கிரேடுக்கு வந்த தேதியிலிருந்துதான் என்று நிர்வாகம் பின்னால் சொன்னது. சமரச அலுவலர் முன்னிலையில் இரு தரப்பும் போட்ட கையெழுத்து அப்படியே இருந்தது. வழக்கு முடிவதற்குள் மூத்த தொழிலாளர்கள் பலர் அதே கிரேடில் ஓய்வு பெற்றுப் போனார்கள்.

ஒப்பந்தமான மறுநாள் தங்கள் நாளிதழிலும் 'சுமுக உடன்பாடு' என்று கைகுலுக்கும் படத்தோடு செய்தி வந்தது. வழக்கைப் பற்றி ஒரு வரி வரவில்லை. அப்போது நான் எழுதிய கடிதத்தையும் தாங்கள் வெளியிடவில்லை. நீண்டகால வாசகன் என்ற முறையில் அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. இப்போதும் எந்தப் பேச்சுவார்த்தை முடிந்தாலும், யார் எதை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று கேட்காமலே 'கருத்தொற்றுமை' என்று தலைப்பிடுகிறீர்கள்.

அடுத்த ஞாயிறு அதே பகுதியில் இரண்டு வரித் திருத்தம் வெளியிடுங்கள். 13ஆவது பிரிவின் வாசகத்தையும் சேர்த்துப் போட்டால், போட்டித் தேர்வுக்காக அந்தப் பகுதியை வெட்டி வைத்துப் படிக்கும் பிள்ளைகளுக்கு உதவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி