கடன் இல்லாமல் சீசனை முடித்துத் தந்தவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

நம் கால்பந்து கிளப்பின் கடைசி ஆட்டம் முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. வலைகளைக் கழற்றி மடித்து வைத்தாயிற்று. கோல் முகப்பில் புல் தேய்ந்துபோன இடத்தில் விதை தூவியாயிற்று. பட்டியலில் நாம் கீழிருந்து ஐந்தாவது இடம். கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் தங்கிவிட்டோம், அவ்வளவுதான். ஆனாலும் ஆண்டுக் கணக்கு வாசித்த அன்று, “கொடுக்க வேண்டிய பாக்கி எதுவும் இல்லை” என்ற வரி வந்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இந்த மடலை அன்றிரவே தொடங்கிவிட்டேன். உங்களில் பலர் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பெயர்களை விட்டிருக்கிறேன். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

முதல் நன்றி பொருளாளர் அண்ணனுக்கு. அதோடு சேர்ந்து ஒரு மன்னிப்பும்.

சீசன் நடுவில், எட்டு ஆட்டங்களில் மூன்றே கோல் அடித்திருந்த சமயம் அது. நல்ல ஸ்ட்ரைக்கர் ஒருவர் கிடைப்பார் என்ற செய்தி வந்தது. அவருடைய பழைய கிளப்புக்கு டிரான்ஸ்ஃபர் தொகை எதுவும் கொடுக்க வேண்டியதில்லை, சம்பளம் மட்டும் கொடுத்தால் போதும் என்றார்கள். அடுத்த சீசன் டிக்கெட்டுகளை முன்கூட்டியே விற்றால் அந்தச் சம்பளத்துக்கு வழி பிறந்துவிடும் என்று ரசிகர் கூட்டத்தில் எழுந்து பேசியவன் நான்தான். “இந்த அணி கீழே இறங்கினால் அதற்கு நீங்கள்தான் பொறுப்பு” என்று உங்கள் முகத்துக்கு நேராகச் சொன்னேன். நீங்கள் குரலை உயர்த்தவில்லை. கையிலிருந்த தாளை என் பக்கம் திருப்பிவைத்து, “தம்பி, ஒப்பந்தம் பதினெட்டு மாதத்துக்கு. நாம எந்த டிவிஷனில் இருப்போம் என்பது நமக்கு அஞ்சு மாதத்துக்கு மேல் தெரியாது. இறங்கிட்டா வருமானம் குறையும். இந்தச் சம்பளம் குறையுமா?” என்று கேட்டீர்கள். என்னிடம் பதில் இல்லை. கோபம் மட்டும் இருந்தது.

அந்தக் கேள்வியை நான் பல நாள் சுமந்து திரிந்தேன். ஒரு ஸ்ட்ரைக்கரின் சம்பளம் அவரோடு நின்றுவிடுவதில்லை என்பதும் அப்புறம்தான் புரிந்தது. புதிதாக வருபவருக்கு அவ்வளவு கொடுத்தால், ஆறு வருடமாக நமக்காக ஓடிக்கொண்டிருக்கும் கேப்டன் அடுத்த ஒப்பந்தத்தில் அதைக் கேட்பார். கேட்பதும் நியாயம்தான். ஒருவருக்காக உடைத்த சம்பள வரம்பு எல்லோருக்கும் உடைந்த வரம்பு. அடுத்த சீசன் டிக்கெட் பணத்தை இந்த சீசனில் தின்றுவிட்டால் அடுத்த சீசனுக்கு எதை விற்பது? ஐரோப்பியக் கோப்பைகளில் ஆடும் பெரிய கிளப்புகளே வீரர்களுக்கும் பயிற்சியாளருக்கும் கொடுக்கும் சம்பளம், டிரான்ஸ்ஃபர் செலவு, ஏஜென்டுகளின் கட்டணம் எல்லாவற்றையும் வருமானத்தில் 70 சதவீதத்துக்குள் அடக்க வேண்டும் என்று ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஎஃபா விதி வைத்திருக்கிறது. தொலைக்காட்சிப் பணம் கொட்டும் இடத்திலேயே அப்படி ஒரு கோடு தேவைப்படுகிறது. வாசல் டிக்கெட்டை நம்பியிருக்கும் நாம் அதற்கும் உள்ளேதான் நிற்க வேண்டும்.

பரி கிளப்பின் கதையை நீங்கள் அன்று கூட்டத்தில் சொல்லியிருந்தால் ஒருவேளை நான் அப்போதே உட்கார்ந்திருப்பேன். 1885-இல் தொடங்கிய இங்கிலாந்து கிளப் அது, இரண்டு முறை எஃப்.ஏ. கோப்பை வென்றது. 2018-19 சீசனில் இரண்டாம் இடம் பிடித்து மேல் டிவிஷனுக்கு முன்னேறியது. வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளம் ஒழுங்காக வராமல் இருந்தபோதே இதைச் சாதித்தார்கள். அதே 2019 ஆகஸ்ட் 27 அன்று லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். கிளப்பைத் தொடர்ந்து நடத்தப் பணம் இருக்கிறது என்று லீக்குக்குக் காட்ட முடியவில்லை. முன்னேறிய ஆண்டிலேயே ஆட இடமில்லாமல் போன அந்த ரசிகர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு கலங்குகிறது. மைதானத்தில் வென்றாலும் கிளப் சாகலாம். நான் அன்று கேட்டது அந்தப் பாதையின் முதல் படி. கால் வைக்க விடாமல் தடுத்தவர் நீங்கள். மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணா.

பயிற்சியாளர் சார், புது ஆள் கிடையாது என்றதும் நீங்கள் முகம் சுளித்ததாக யாரும் சொல்லவில்லை. மறுநாள் காலை மைதானத்தில் கார்னர் கிக் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. முதல் போஸ்ட்டுக்கு ஓடுபவர் யார், கோல்கீப்பரின் வழியை மறித்து நிற்பவர் யார், பெனால்டி பெட்டிக்கு வெளியே சிதறும் பந்துக்குக் காத்திருப்பவர் யார் என்று ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து நிறுத்திப் பழக்கினீர்கள். கார்னருக்கும் ஃப்ரீ கிக்குக்கும் தனியாக யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. பணக்கார அணியின் வேகத்தை நம்மால் வாங்க முடியாது, நின்ற பந்தில் அவர்களும் நாமும் ஒரே இடத்திலிருந்துதான் தொடங்குகிறோம். சீசனின் பின்பாதியில் நம்மைக் காப்பாற்றிய கோல்கள் பெரும்பாலும் அப்படி வந்தவை. இளையோர் அணியிலிருந்து அந்தப் பையனை இறக்கியதும் பெரிய துணிச்சல். முதல் மூன்று ஆட்டங்களில் அவன் பந்தைத் தொலைத்தபோதெல்லாம் காலரியில் முணுமுணுப்பு எழுந்தது. நீங்கள் அவனை வெளியே எடுக்கவில்லை. நாலாவது ஆட்டத்தில் அவன் அடித்த கோலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

இப்போது நான் அதிகம் பேச விரும்பும் ஆளுக்கு வருகிறேன். பதிவேடு எழுதும் பெரியவர். நம் ரசிகர்களில் பாதிப் பேருக்கு இவரைத் தெரியாது. ஆட்ட நாளில் காலரியில் இருக்கமாட்டார், பின்னாலிருக்கும் சின்ன அறையில் இருப்பார்.

பன்னிரண்டு வயதில் நம்மிடம் வந்து சேரும் ஒவ்வொரு பிள்ளையின் பிறந்த தேதி, சேர்ந்த தேதி, கால்பந்துச் சங்கத்தில் பதிவான எண், விலகிய தேதி எல்லாவற்றையும் இருபது வருடமாக ஒன்றுவிடாமல் எழுதி வைத்திருக்கிறார். சங்கத்துக்குப் போக வேண்டிய படிவம் ஒரு சீசனில்கூடத் தாமதமாகப் போனதில்லை. இந்த வேலைக்கு அவர் ஒரு காசும் வாங்கியதில்லை. “எதுக்கு ஐயா இவ்வளவு மெனக்கெடுறீங்க” என்று நானே ஒருமுறை கேட்டிருக்கிறேன். “பிள்ளை நம்மகிட்ட இருந்ததுக்கு ஒரு அத்தாட்சி வேணும்ல” என்றார்.

அந்த அத்தாட்சியின் மதிப்பு இந்த வருடம்தான் தெரிந்தது. நம்மிடம் விளையாடிப் பழகி, பிறகு பெரிய கிளப்புக்குப் போன ஒருவன் ஒப்பந்தம் முடியும் முன்பே வேறு நாட்டுக் கிளப்புக்கு டிரான்ஸ்ஃபர் ஆனான். இப்படி நடக்கும்போது டிரான்ஸ்ஃபர் தொகையில் 5 சதவீதத்தை, 12 வயதிலிருந்து 23 வயதுவரை அவனைப் பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதி. 12 முதல் 15 வயதுவரையிலான ஒவ்வொரு ஆண்டுக்கும் மொத்தத் தொகையில் 0.25 சதவீதம், 16-இலிருந்து 23 வரை ஒவ்வொரு ஆண்டுக்கும் 0.5 சதவீதம். அவன் நம்மிடம் ஐந்து ஆண்டு இருந்தான், 12-இலிருந்து 16 வயதுவரை. கூட்டிப் பார்த்தால் 1.5 சதவீதம். கேட்பதற்கு அற்பமான எண். வாங்கிய கிளப்புக்கு அது கணக்கில் ஒரு வரி. நமக்கு அது இளையோர் அணியின் ஒரு முழு வருடச் செலவு.

2022 நவம்பரிலிருந்து ஃபிஃபா கிளியரிங் ஹவுஸ் என்ற ஏற்பாடு வந்த பிறகு, வீரரின் பதிவு விவரங்களை மின்னணுப் பாஸ்போர்ட்டாகத் தொகுத்து இந்தப் பங்கைக் கணக்கிடுகிறார்கள். அதற்கு முன்னால் சின்ன கிளப்புகள் தாங்களே கண்டுபிடித்து, தாங்களே உரிமை கோரி, தாங்களே அலைய வேண்டியிருந்தது. எந்த ஏற்பாடு வந்தாலும் அடித்தளம் ஒன்றுதான்: பிள்ளை எப்போது வந்தான், எப்போது போனான் என்று முறையாகப் பதிவாகியிருக்க வேண்டும். நம் விஷயத்தில் ஒரு சீசனின் பதிவில் சந்தேகம் வந்தது. ஐயா அலமாரியைத் திறந்தார், பழுப்பேறிய நோட்டை எடுத்தார், பக்கத்தைப் புரட்டினார். பத்து நிமிடத்தில் சந்தேகம் தீர்ந்தது. அந்த நோட்டு அன்று கோல்கீப்பரைவிடப் பெரிய தடுப்பு தடுத்தது.

ஐயா, உங்கள் கையெழுத்து காப்பாற்றிய பணத்தில்தான் அடுத்த வருடம் பதினைந்து வயதுக்கு உட்பட்டோர் அணி ஆடப்போகிறது.

அப்புறம், ஜெர்சி துவைத்துத் தரும் அக்காவுக்கு. மழையில் ஆடிய நாட்களில் இரண்டு அணி உடைகளையும் நீங்கள் துவைத்துத் தந்தது எனக்குத் தெரியும். எதிரணி மேலாளர் அதைச் சொல்லிச் சொல்லி நெகிழ்ந்தார்.

புல்தரையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்கு. தண்ணீர் தேங்கி நம் மைதானத்தில் ஒரு ஆட்டம் தள்ளிப்போனால் நமக்கு வாசல் வசூல் போகும், மாற்று நாளில் கூட்டமும் வராது. இந்த சீசனில் ஒரு ஆட்டம்கூடத் தள்ளிப்போகவில்லை. விடியற்காலையில் முள்கரண்டி போன்ற அந்தக் கம்பியால் தரையைக் குத்திக் குத்தித் தண்ணீரை இறக்கியவர் நீங்கள். கைகளில் கொப்புளம் இருந்ததைப் பார்த்தேன்.

பக்கத்துக் கிளப்புக்கும் நன்றி சொல்லியாக வேண்டும். ஆட்டத்தில் நம்மை இரண்டு முறை தோற்கடித்தீர்கள். நம் மின்விளக்கு பழுதானபோது உங்கள் பயிற்சி மைதானத்தை மூன்று வாரம் திறந்துவிட்டதும் நீங்கள்தான்.

சம்பளம் ஒரு வாரம் தாமதமாகும் என்று முன்கூட்டியே சொன்னபோது “சரி” என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்ட வீரர்களுக்கு என்ன சொல்வது? அந்த ஒரு வாரம் பலருடைய வீட்டில் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இதைப் பழக்கமாக்கிவிடக் கூடாது என்று நிர்வாகத்தையும் இங்கேயே கேட்டுக்கொள்கிறேன். வீரர்களின் பொறுமை கிளப்பின் வருமானக் கணக்கில் சேராது.

நிர்வாகக் குழுவுக்கு: கணக்கை எங்கள் முன்னால் திறந்து வைத்ததற்கு நன்றி. நஷ்டத்தை நஷ்டம் என்றே சொன்னீர்கள். இங்கிலாந்தின் எக்ஸிடர் சிட்டி கிளப்பை 2003-இல் அதன் ரசிகர் அமைப்பு ஏற்றெடுத்தபோது கையில் இருந்தது பெரும்பாலும் கடன். 2005 ஜனவரியில், ஐந்தாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்த அவர்கள் எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டை அவர்களுடைய சொந்த மைதானமான ஓல்ட் டிராஃபோர்டிலேயே 0-0 என்று தடுத்து நிறுத்தினார்கள். மறு ஆட்டத்தில் தோற்றார்கள். ஆனால் அந்த இரண்டு ஆட்டங்களின் வருமானம் கடனை அடைக்கப் பெரும் துணையாக இருந்தது. எதிர்பாராமல் வரும் கோப்பைப் பணத்தை என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியாது. நமக்கும் ஒரு நாள் அப்படி ஒரு குலுக்கல் வாய்க்கலாம். வாய்த்தால் ஸ்ட்ரைக்கர் கேட்டு எழுந்து நிற்கமாட்டேன். மின்விளக்கையும் கசியும் உடை மாற்றும் அறைக் கூரையையும் முதலில் சரிசெய்யச் சொல்வேன்.

கடைசியாக, காலரியில் என்னோடு நின்றவர்களுக்கு. ஆறு ஆட்டம் தொடர்ந்து தோற்ற பிறகும் ஏழாவதற்கு டிக்கெட் வாங்கினீர்கள். சுவருக்கு வண்ணம் அடிக்கவும் உடைந்த இருக்கைகளை மாற்றவும் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தீர்கள். ஜெர்மனியின் யூனியன் பெர்லின் கிளப்பின் ரசிகர்கள் 2008-09இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்து, ஏறக்குறைய 1,40,000 மணி நேரம் உழைத்துத் தங்கள் மைதானத்தைப் புதுப்பித்துக் கட்டினார்கள். பத்து வருடம் கழித்து, 2019-இல், அந்த மைதானத்துக்கு ஜெர்மனியின் முதல் டிவிஷன் வந்தது. நாம் மாற்றியது நாற்பது இருக்கைகள்தான். இருந்தாலும் அந்த வரிசையில் இப்போது உட்காரும்போது திருகாணி முடுக்கியது யார் என்று எனக்குத் தெரிகிறது, அந்த உணர்வை எந்தப் பணக்காரக் கிளப்பின் ரசிகரும் எனக்கு விற்க முடியாது.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலை வடக்குப் பக்க வேலியை மாற்றுகிறோம். புதுக் கம்பம் நட ஆட்கள் வேண்டும். பொருளாளர் அண்ணன் கம்பிக்கும் ஆணிக்கும் மட்டும் பணம் ஒதுக்கியிருக்கிறார், கூலிக்கு ஒதுக்கவில்லை. குழி தோண்டும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
கிழக்குக் காலரியின் மூன்றாம் வரிசையில் நிற்கும் ஒரு ரசிகன்