காபூலுக்கு அனுப்பும் முன் பயிற்சி கொடுங்கள்: வெளியுறவு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வெளியுறவு அமைச்சகத்தாருக்கு,

வணக்கம். 2022 ஜூனில் தொழில்நுட்பக் குழுவாகக் காபூலுக்குத் திரும்பிய நம் அலுவலகம், 2025 அக்டோபரில் மறுபடி தூதரகமாகிவிட்டது. இனி அங்கே ஆட்கள் கூடுவார்கள். அதிகாரியோ, எழுத்தரோ, ஓட்டுநரோ, சமையல்காரரோ, பாதுகாப்புப் பயிற்சி பெறாத ஒருவரைக்கூட அங்கே வேலைக்கு அமர்த்தாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

2008 ஜூலை 7 காலை அந்தத் தூதரக வாசலில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதிகாரிகளின் கார் உள்ளே நுழையும் நேரத்தில் வெடிமருந்து ஏற்றிய கார் வந்து மோதியது. பிரிகேடியர் ரவி தத் மேத்தா, தூதரக அதிகாரி வெங்கடேஸ்வர ராவ், இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை வீரர்கள் இருவர், தூதரகத்தில் வேலை பார்த்த ஆப்கானியர் ஒருவர் என நம்மவர்கள் ஐந்து பேர் போனார்கள். விசாவுக்காக வெளியே நின்ற ஆப்கானிய மக்களும் செத்தார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் மறுபடியும் அதே தூதரகத்தைக் குறிவைத்துக் குண்டு.

அவ்வளவு பெரிய குண்டுக்கு முன்னால் பயிற்சி என்ன செய்துவிடும்? நியாயமான கேள்விதான். அந்தக் காரில் இருந்தவர்களை எந்த வகுப்பும் காப்பாற்றியிருக்காது. ஆனால் கென்யத் தலைநகர் நைரோபியைப் பாருங்கள். 1998 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்கத் தூதரகத்தில் முதலில் கேட்டது கையெறி குண்டுச் சத்தமும் துப்பாக்கிச் சத்தமும். என்னவென்று பார்க்க ஊழியர்கள் பலர் ஜன்னலுக்குப் போனார்கள். பெரிய குண்டு அதற்குப் பிறகுதான் வெடித்தது. கண்ணாடிச் சில்லுகள் பாய்ந்து பலருக்குப் பார்வையே போய்விட்டது. தெருவில் டமார் என்று கேட்டால் நாமும் ஜன்னலுக்குத்தானே போவோம்? அதை ஒரு சுற்றறிக்கை மாற்றாது. சத்தம் கேட்டதும் ஜன்னலை விட்டு விலகித் தரையோடு படுப்பது உடம்பில் ஊறும்வரை பழக்க வேண்டும்.

2012இல் லிபியாவின் பெங்காசியில் அமெரிக்கத் தூதர் கிறிஸ் ஸ்டீவன்ஸும் ஷான் ஸ்மித்தும் துப்பாக்கிச் சூட்டில் இறக்கவில்லை. தாக்க வந்தவர்கள் கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். புகைக்குள் தவழ்ந்து வழி கண்டுபிடிப்பதும் முன்பே பழகிப் பார்க்க வேண்டிய விஷயம்தான். அமெரிக்கா 2019இல் வர்ஜீனியாவின் பிளாக்ஸ்டோனில் தனி மையமே திறந்து, வெளிநாடு போகிறவர்களுக்கு ஆபத்தில் கார் ஓட்டுவது, வெடிகுண்டை அடையாளம் காண்பது, பெருகும் ரத்தத்தைக் கட்டி நிறுத்துவது எல்லாம் கற்றுத் தருகிறது.

நம்மிடமும் பயிற்சியின் பலனுக்குச் சான்று உண்டு. 2014 மே 23 அன்று ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரில் நம் துணைத் தூதரகத்தைத் தாக்க வந்தவர்களை நம் வீரர்களும் ஆப்கானியப் படையினரும் முறியடித்தார்கள். உள்ளே இருந்த ஊழியர்கள் எல்லோரும் தப்பினார்கள். வீரர் வெளியே சுடும்போது உள்ளே இருக்கும் எழுத்தருக்கும் எந்த அறைக்குள் போவது, யார் சொல்லைக் கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டாமா?

அப்புறம், உள்ளூர் ஊழியர்கள். நைரோபித் தூதரகத்துக்குள் இறந்தவர்களில் பெரும்பாலோர் கென்யர்கள். காபூலில் நமக்குக் கார் ஓட்டுபவர், கதவு திறப்பவர் எல்லாம் ஆப்கானியர்கள். அவர்களுக்கும் இதே பயிற்சியை அவர்கள் மொழிகளான தாரியிலும் பஷ்தூவிலும் கொடுங்கள். இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்குப் பயிற்சி முடிந்த பிறகே விமான டிக்கெட் கொடுங்கள். போன இடத்திலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடத்துங்கள்; அதில் தூதரும் தரையில் படுக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு குடிமகன்