ஆனதோத்து நிலம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். நீயும் மருமகளும் கர்த்தருடைய கிருபையால் சுகமாய் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

நீ அனுப்புகிற வீடியோ எல்லாம் பார்க்கிறேன். யுத்தம், பூமியதிர்ச்சி, ஏழு முத்திரை, ஏழு எக்காளம், ஏழு கலசம். வீடியோ வருகிறது, உன் குரல்தான் வருவதில்லை. வேதப் பரீட்சையில் முதல் பரிசு வாங்கினவன் நீ, உனக்கு நான் சொல்லவா? ஆனால் அந்தப் பிரசங்கிமார் கலசத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். வெளிப்படுத்தின விசேஷம் 21-ம் அதிகாரத்தில் பரிசுத்த நகரம் வானத்திலிருந்து இறங்கி வருகிறது, மக்களே. நாம் பூமியை விட்டு ஓடுவதாக அங்கே இல்லை. தேவன்தான் மனுஷரோடு குடியிருக்க வருகிறார். 'இதோ, நான் சகலத்தையும் புதிதாக்குகிறேன்' என்கிறார்.

"எல்லாம் அழியப்போகுது, மனை எதுக்கு" என்று அப்பாவிடம் சொன்னாயாம். அன்று அவர் சாப்பிடவில்லை. பாபிலோன் சேனை எருசலேமை வளைத்துக் கிடந்த நேரத்தில்தானே எரேமியா தீர்க்கதரிசி தன் ஊரான ஆனதோத்தில் நிலம் வாங்கினார்? நகரம் விழும் என்று சொன்னவரே அவர்தான். அதற்காகத்தான் காவல்வீட்டு முற்றத்தில் அடைத்திருந்தார்கள். அங்கே இருந்துகொண்டு 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்து, சாட்சி வைத்து, கிரயப்பத்திரத்தை மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொன்னார், நெடுநாள் இருக்கட்டும் என்று. நீயும் அந்த மனையை விற்காதே. அப்பாவிடம் நீயே பேசு.

2004 சுனாமி உனக்கு நினைவிருக்கும். குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடிப் பாலம். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களில் குடும்பக் கட்டுப்பாடு செய்திருந்தவர்களுக்கு, அதை மாற்ற இலவசமாக ஆபரேஷன் என்று அரசாங்கம் அறிவித்தது. போய்ச் செய்துகொண்டார்கள். அதே கடலுக்கு முன்னால் மறுபடியும் தொட்டில் கட்டினார்கள். அவர்களுக்கு அழிவு என்றால் என்னவென்று தெரியாதா?

மருமகளிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம். அவள் மனம் நோகக்கூடாது.

பலாமரத்தில் சக்கை இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது. மனையை விற்காதே.

பாபிலோனுக்குச் சிறைபட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதின கடிதம் 29-ம் அதிகாரத்தில் இருக்கிறது. வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள் என்பது 5-ம் வசனம். 6-ம் வசனத்தை நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வாசியுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போன் பண்ணு.

அம்மா