ராபின் எஸ் அவர்களுக்கு: ஆர்கன் புகழ் போதும்

அன்புள்ள ராபின் எஸ் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் பாடி வெளிவந்த முதல் பாட்டான ‘ஷோ மீ லவ்’ பற்றிப் பேச்சு வந்தாலே, இசைத்தொழில் தெரிந்தவர்கள் உங்களை விட்டுவிட்டு ஒரு கீபோர்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். 1988இல் ஜப்பானிலிருந்து வந்த கோர்க் எம்1. அதில் நிறுவனமே தயாரித்துப் போட்டிருந்த, ஆர்கன் வாத்தியத்தின் சாயலில் அமைந்த ‘ஆர்கன் 2’ என்ற ஒலி. அந்த ஒலியை பேஸாக, அதாவது அடிநாதமாக வைத்து, ஸ்வீடன்காரர் ஸ்டோன்பிரிட்ஜ் உங்கள் பாட்டை மாற்றியமைத்துச் செய்த ரீமிக்ஸ் வந்திராவிட்டால் உங்களை யாருக்கும் தெரிந்திருக்காது என்பது அவர்கள் கட்சி. எனக்கு அதில் பாதிதான் சம்மதம்.

சம்மதமான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். 1990இல் பிரிட்டனின் சாம்பியன் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட மூல வடிவம் சாதாரணமானது. ஆலன் ஜார்ஜும் ஃப்ரெட் மெக்ஃபார்லேனும் எழுதிய மெட்டில் குறையில்லை. ஆனால் பின்னணி இசை உங்களுக்கு இடம் விடவே இல்லை. கேட்பவர்கள் கடந்து போனதில் வியப்பில்லை.

ஸ்டோன்பிரிட்ஜின் இயற்பெயர் ஸ்டென் ஹால்ஸ்ட்ரோம். இசைத் தயாரிப்பாளர் டென்னிஸ் பாப்பும் இருந்த ஸ்வெமிக்ஸ் என்ற டிஜே கூட்டணியைச் சேர்ந்தவர். அவர் செய்து அனுப்பிய முதல் ரீமிக்ஸ் நிறுவனத்துக்குப் பிடிக்கவில்லை. அதன்பின் அவர் செய்ததைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். பழைய இசை அத்தனையையும் தூக்கி எறிந்தார். உங்கள் குரலையும் தாளத்துக்கு அடிப்படையான ஒரு கிக் டிரம்மையும் மட்டும் வைத்துக்கொண்டு புதிதாகத் தொடங்கினார். ஆர்கன் அதற்குப் பிறகுதான் வந்தது. கிக் டிரம் எல்லோரிடமும் இருக்கிறது. அப்படியானால் 1990இலிருந்து அவர் காப்பாற்றிய ஒரே பொருள் உங்கள் குரல்.

ஆர்கனைக் குறைத்துச் சொல்லவில்லை. அதன் அழகே அது சீக்கிரம் அடங்கிவிடுவதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு சுரமும் குட்டையாக வெட்டுப்பட்டு நிற்கிறது, இடையில் வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் நீங்கள் சொல்லை நீட்டுகிறீர்கள். ஏமாந்து அலுத்துப்போன ஒரு பெண், இனிப் பேச்சு போதும், செய்துகாட்டு என்று கேட்கிற பாட்டு இது. அந்த அலுப்பு நடிப்பாகத் தெரியவில்லை. ஃப்ளூ காய்ச்சலோடு, எரிச்சலான மனநிலையில் பாடியதாகப் பிற்பாடு நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். கேட்டால் நம்பத் தோன்றுகிறது. கெஞ்சலாகப் பாடியிருக்கக்கூடிய இடங்களில் எல்லாம் அதட்டல் இருக்கிறது. கிளப் ரீமிக்ஸ்களின் வழக்கப்படி தொடக்கத்தில் டிரம் மட்டும் ஓட வேண்டும்; முந்தைய பாட்டோடு டிஜே இதை இணைப்பதற்கான இடம் அது. அங்கே ஆடுகிறவர்களை ஆடுகளத்தை விட்டுப் போகாமல் நிறுத்திவைப்பது வரப்போகும் குரல் மீதான எதிர்பார்ப்புதான்.

1993இல் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 5ஆம் இடம், பிரிட்டனில் 6ஆம் இடம், அமெரிக்க கிளப் பட்டியலில் முதலிடம். இவையெல்லாம் உங்கள் பெயரிலேயே வந்தன என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னால்தான், 1989இல், பிளாக் பாக்ஸ் என்ற இத்தாலிய நடன இசைக் குழுவின் பாட்டில் பாடகி லோலீட்டா ஹாலோவேயின் குரல் ஒலித்தது. வீடியோவில் வாயசைத்தவர் ஒரு மாடல் அழகி. பாடகி மார்த்தா வாஷுக்கும் அதே கதி. பிளாக் பாக்ஸுக்கும் சி அண்ட் சி மியூசிக் ஃபாக்டரி என்ற குழுவுக்கும் பாடியவர் அவர், திரையில் வேறு பெண்கள். அவர் வழக்குப் போட்டுத்தான் தன் பெயரை மீட்க வேண்டியிருந்தது. கறுப்பினப் பெண்களின் தொண்டையை மட்டும் கடன் வாங்கிக்கொண்ட அந்தக் காலத்தில், உங்கள் இசைத்தட்டில் உங்கள் பெயர் இருந்தது. இதற்காக மட்டும் உங்கள் பாட்டை வெளியிட்ட நிறுவனங்களுக்கு ஒரு கும்பிடு.

பின்னால் நடந்த இரண்டு காரியங்கள் என் கட்சிக்குச் சாட்சி. 2009இல் டிஜேக்களான ஸ்டீவ் ஏஞ்செல்லோவும் லெய்ட்பேக் லூக்கும் ‘பி’ என்ற தங்கள் சொந்த இசைத்துண்டின் மேல் உங்கள் பாட்டை ஏற்றினார்கள். பழைய ஆர்கனை நம்பி அது நிற்கவில்லை. ஆனாலும் கிளப்புகளில் கொண்டாடினார்கள். 2022இல் பியான்சேயின் ‘பிரேக் மை சோல்’ இதைத் தலைகீழாகச் செய்தது: அங்கே ஆர்கனின் சாயல் இருக்கிறது, நீங்கள் இல்லை. அந்த இடத்தை நிரப்ப பியான்சே அளவுக்கு ஒருவர் தேவைப்பட்டார் என்பதை ஆர்கன் ரசிகர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

ஜார்ஜ், மெக்ஃபார்லேன் பெயர்கள் பியான்சேயின் அந்தப் பாட்டை எழுதியவர்கள் வரிசையில் இடம்பெற்றன. முறைதான், எழுதியவர்களுக்கு உரியது அது. பாடியவருக்கு அந்தக் கணக்கில் பங்கு இல்லை. உலகம் உங்களைப் பற்றிப் பேசுகிறது என்பதே மகன் சொல்லித்தான் தெரிந்தது என்று தொலைக்காட்சியில் சொன்னீர்கள். பியான்சேக்கு நன்றியும் சொன்னீர்கள். நானாக இருந்தால் கொஞ்சம் முணுமுணுத்திருப்பேன்.

ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பேட்டி எடுக்க வருகிறவர் ‘ஆர்கன் 2’ என்று தொடங்கினால், ஸ்டாக்ஹோமுக்கு அனுப்பி ஸ்டோன்பிரிட்ஜிடமே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். உங்களிடம் மூச்சைப் பற்றிக் கேட்கட்டும். காய்ச்சலில் அந்த நீண்ட சொற்களுக்கு எங்கே மூச்சு எடுத்தீர்கள் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அன்புடன்,
உங்கள் ரசிகன்