செயலாளரின் ஆண்டறிக்கை 2023–24: சங்கப் படகுக்கு அலுமினியமா, ஃபைபரா?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, முறை வைத்து மீன்பிடிக்கும் பாடு முறையைக் கட்டிக்காக்கும் பெரியவர்களே, மகளிர் குழுச் சகோதரிகளே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டில் நம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்கு முதலில் அஞ்சலி. அவர்கள் குடும்பங்களுக்குச் சங்கம் தர வேண்டிய உதவித்தொகை தாமதமில்லாமல் போய்ச் சேர்ந்தது.

வழக்கமான வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் நடந்தன. டிசம்பர் கூட்டம் மட்டும் புயலால் ஜனவரிக்குத் தள்ளிப் போனது. பழவேற்காடு ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மண் மூடிக்கொள்வதைப் பற்றி இந்த ஆண்டும் மனு கொடுத்தோம். கடல் தண்ணீர் உள்ளே வந்து போகாவிட்டால் இறால் குஞ்சும் வராது, நம் படகும் வெளியே போகாது. நிரந்தரத் தீர்வு கைக்கு வரும்வரை இந்த மனுவைக் கொடுத்துக்கொண்டேதான் இருப்போம். பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வழங்கினோம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

மற்ற நேரத்தை எல்லாம் மீட்பு வேலைக்கென்று வாங்கிய சங்கப் படகுக்கே ஒதுக்கிக்கொள்கிறேன். ஏனென்றால் இது எல்லோருடைய பணம். எதற்காக எதைத் தேர்ந்தெடுத்தோம் என்று கேட்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு.

2011 டிசம்பர் 25ஆம் தேதி பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அன்று கரையில் நின்றவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். மீட்புக்கென்று தனியாக ஒரு படகு வேண்டும் என்ற பேச்சு அப்போதே எழுந்தது. பிறகு 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழை. வலையை இறக்கி வைத்து, டீசல் தேடி, எஞ்சினைக் கிளப்பி அவரவர் படகை எடுத்துக்கொண்டு போனோம். போனவர்கள் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. ஆனால் வலையை இறக்கவே பாதிப் பொழுது போய்விட்டது. ஜனவரிக் கூட்டத்தில் முடிவாகிவிட்டது: 20 அடியில், வலை ஏற்றாத, எப்போதும் தயாராக நிற்கிற ஒரு படகு சங்கத்துக்கு வேண்டும்.

எந்த மாதிரிப் படகு என்பதில்தான் பேச்சு நீண்டது. நம் ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். கோடையில் பல இடங்களில் முழங்கால் தண்ணீர். அடியில் சேறு, ஆளி ஓடு, கிளிஞ்சல் படுகை. மேலே எந்தப் பக்கம் திரும்பினாலும் வலை. சாதாரண அவுட்போர்டு எஞ்சின் வைத்தால் ஒன்று, விசிறி சேற்றில் புதையும், இல்லையென்றால் யாருடைய வலையையாவது சுற்றிக்கொள்ளும்.

அதனால் இளைஞர்கள் ஏர்போட் வாங்கலாம் என்றார்கள். அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்து எவர்கிளேட்ஸ் சதுப்பில் ஓடுகிற படகு அது. தட்டையான அடி, பின்னால் கூண்டுக்குள் பெரிய காற்றாடி, அதைச் சுற்ற விமான எஞ்சினோ கார் எஞ்சினோ இருக்கும். தண்ணீருக்கு அடியில் எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது. சில அங்குலத் தண்ணீரிலும் ஈரப் புல்லிலும் போகும். 1972 டிசம்பர் 29 இரவு அந்தச் சதுப்பில் ஒரு பயணிகள் விமானம் விழுந்தது. தவளை பிடிக்க ஏர்போட்டில் போயிருந்த ஒருவர்தான் முதல் ஆளாக அங்கே போய்ச் சேர்ந்தார். 75 பேர் உயிர் பிழைத்த விபத்து அது. தம்பிகள் இதை எடுத்துச் சொன்னபோது கூட்டமே கவனித்துக் கேட்டது. மீட்புப் படகு என்று யோசிக்கும்போது அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது நியாயமான வாதம்.

ஆனால் ஏர்போட்டுக்குப் பிரேக் கிடையாது, பின்னோக்கிப் போகவும் முடியாது. காற்றாடி சுற்றினால்தான் சுக்கான் வேலை செய்யும். எஞ்சினைக் குறைத்தால் படகு போன போக்கில் போகும். திறந்த புல்வெளிச் சதுப்பில் அது சரி. நமக்கோ பாடு முறையில் போட்ட வலைகளுக்கு நடுவே, தண்ணீரில் நின்று கையால் இறால் பிடிக்கிற இருளர் பெண்களுக்குப் பக்கத்தில் ஓட்ட வேண்டும். சத்தமும் காதை அடைக்கும். பறவைகள் சரணாலயத்துக்குள், பூநாரை வந்து இறங்கும் மாதங்களில் அப்படி ஒரு சத்தத்தை எழுப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை. பெரும்பாலோர் கருத்தும் அதுவே. எனவே லாங்டெயில் எஞ்சின் என்று தீர்மானமானது. அதில் விசிறி ஒரு நீளத் தண்டின் நுனியில் இருக்கும்; தண்டைக் கையால் தூக்கிவிட்டால் வலையையும் மேட்டையும் தாண்டிவிடலாம்.

ஏர்போட் வேண்டாம் என்றானாலும் அதிலிருந்து ஒரு கேள்வி நம்மிடம் தங்கிவிட்டது. அங்கே அலுமினிய உடல், ஃபைபர் (கண்ணாடியிழை) உடல் இரண்டுமே ஓடுகின்றன. நாம் ஏன் யோசிக்காமலேயே ஃபைபர் என்கிறோம்? அலுமினியத்தை ஏன் பார்க்கக் கூடாது? இந்தக் கேள்வியைக் கேட்ட தம்பிக்கு நன்றி. அவர் கேட்டிராவிட்டால் வழக்கமான ஃபைபர் படகு ஒன்றை வாங்கி நிறுத்தியிருப்போம், நமக்கு வேண்டிய விதத்தில் கட்டச் சொல்லியிருக்க மாட்டோம்.

குழு போட்டு இரண்டு இடங்களுக்குப் போனோம். ஒன்று, அம்பத்தூர் பக்கம் அலுமினிய வேலை செய்யும் பட்டறை. இன்னொன்று, காசிமேட்டில் ஃபைபர் படகு கட்டும் இடம்.

அலுமினியத்தின் பலம் உண்மையானது, அதை மறைக்க வேண்டியதில்லை. அதே நீளத்துக்கு எடை குறைவு. மண் திட்டில் தட்டினால் இறங்கித் தள்ளுவது சுலபம். ஆளிப் படுகையில் மோதினால் உடனே கிழியாது, ஒடுங்கும். ஒடுங்கினதைத் தட்டி எடுத்துக்கொள்ளலாம். வெயிலில் கிடந்தாலும் தகட்டுக்கு ஒன்றும் ஆகாது. கடைசியில் உடைத்து விற்றாலும் காசு வரும். ஃபைபருக்கு அது கிடையாது. சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரைக்கு வந்து குவிந்த ஃபைபர் படகுகளில் செத்துப்போனவை இன்னும் கரையோரம் கிடக்கின்றன. உருக்கவும் முடியாது, கொளுத்தினால் விஷப் புகை. இதை யோசித்துத்தான் குழுவில் சிலர் அலுமினியத்துக்கு வாக்களித்தார்கள்.

ஆனால் பாத்திரக்கடை அலுமினியத்தில் படகு கட்ட முடியாது. 5083, 5086 என்று எண் போட்டு வரும், மெக்னீசியம் கலந்த கடல்வேலைத் தகடு வேண்டும். அதுவும் உப்புத் தண்ணீரில் வேறு உலோகத்தோடு சேர்ந்து கிடந்தால் ஆபத்து. பித்தளைத் திருகு, செம்பு கலந்த பாசித்தடுப்புப் பெயிண்ட், எர்த் சரியில்லாத பேட்டரி ஒயர், இதில் ஏதாவது ஒன்று போதும். அலுமினியம் அரித்துப் பொத்தலாகிவிடும். நம் கரையில் பழுது பார்க்கிறவர் கையில் கிடைத்த ஆணியைத்தான் போடுவார். ரிவெட் அடித்த உடலானால் அலை மோத மோத ரிவெட் தளர்ந்து கசியும். வெல்டிங் வைத்த உடலில் விரிசல் விட்டால் ஆர்கான் வாயு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அந்த வாயு காற்றில் கலைந்தால் பற்று பிடிக்காது. ஏரிக்கரைக் காற்றில் எப்படிச் செய்வது? படகை வண்டியில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுபோக வேண்டும். மே மாத வெயிலில் தகடு காலைச் சுடும் என்பதையும் சகோதரிகள் சொன்னார்கள். மீட்கப்பட்ட குழந்தையை அதில் எப்படிப் படுக்க வைப்பது என்று கேட்டார்கள். பலகை போட்டுச் சமாளிக்கலாம் என்றாலும் கேள்வி சரியான கேள்வி.

பிப்ரவரிக் கூட்டத்தில் பெரியவர் ஒருவர் சொன்னதை அப்படியே பதிவு செய்கிறேன்: "தம்பி, எந்தப் படகிலயும் ஓட்டை விழும். விழுந்த அன்னிக்கே அடைக்க நம்ம கரையில ஆள் இருக்கா, அதைச் சொல்லு." ஃபைபருக்கு இருக்கிறது. பழுதான இடத்தைச் சுற்றிச் சரிவாகத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, மேட் என்ற கண்ணாடியிழை விரிப்பும் ரெசின் என்ற பிசினும் மாற்றி மாற்றி ஒட்டினால் மறுநாள் படகு தண்ணீரில் இருக்கும். நம் குப்பத்துப் பையன்களிலேயே கைதேர்ந்தவர்கள் உண்டு. புயல் நேரத்தில் சென்னைக்குச் சாலை திறந்திருக்கும் என்று நம்பி ஒரு மீட்புப் படகை வைத்திருக்க முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே ஃபைபர் என்று பெரும்பான்மையாக முடிவு செய்தோம். எனக்கு இதில் முழுச் சம்மதம்.

முடிவு செய்ததோடு விட்டுவிடவில்லை. ஃபைபரில் ஏமாற்றுவது சுலபம். வெளியே பளபளப்பு ஒரே மாதிரி இருக்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. மேட் விரிப்பைக் குறைத்து ரெசினை அதிகம் ஊற்றினால் கனம் இருக்கும், பலம் இருக்காது. சுண்ணாம்புத் தூளைக் கலப்பவர்களும் உண்டு. காசிமேட்டு மேஸ்திரி ஒளிவுமறைவில்லாதவர். மிதவை அறையில் வழக்கம்போல தெர்மோகோல் போட்டுவிடலாமா என்று நாங்கள் கேட்டதும், பதில் சொல்லாமல் டப்பாவில் இருந்த ரெசினில் ஒரு துண்டுத் தெர்மோகோலைப் போட்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சுருங்கிக் கூழாகிவிட்டது. மூடிய அறைக்குள் ரெசின் பட்ட இடமெல்லாம் இப்படித்தான் ஆகும், வெளியே யாருக்கும் தெரியாது என்றார். நம் படகில் ரெசினில் கரையாத பி.யு. (பாலியூரித்தேன்) ஃபோம் வைக்கச் சொன்னோம். கவிழ்ந்தாலும் மூழ்காமல், பிடித்துக்கொள்ள ஏதாவது மிதக்க வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் இந்தப் படகே.

அடிப்பக்கத்துக்குச் சாதா ரெசின் வேண்டாம், தண்ணீரைத் தாங்கும் ஐசோ ரெசின் என்று எழுதி வாங்கினோம். அணியத்திலிருந்து (முன்பக்கத்திலிருந்து) நடுவரை, ஆளி உரசும் பகுதியில் ரோவிங் என்ற கண்ணாடியிழைத் துணி கூடுதலாக இரண்டு அடுக்கு. ஏர்போட்டுகளின் அடியில் வழுக்கிப் போவதற்காகப் பிளாஸ்டிக் தகடு பதிப்பார்கள் என்பது நினைவில் இருந்தது. அதைப் பார்த்து நாமும் அடியில் கெட்டியான பிளாஸ்டிக் பட்டைகள் நீளவாக்கில் போட்டிருக்கிறோம். உரசல் முதலில் பட்டைக்குத்தான். தேய்ந்தால் கழற்றிப் புதிதாக மாட்டலாம். இப்படிச் செய்ததில் எடை கூடியது உண்மைதான். அதற்காகப் பக்கச் சுவரின் உயரத்தைச் சற்றுக் குறைத்தோம். கடலுக்குப் போகாத படகு என்பதால் அது தகும். முகத்துவாரத்துக்கு வெளியே இந்தப் படகை எடுத்துப் போகக் கூடாது என்பதை எல்லோரும் மனதில் வைக்க வேண்டும்.

மார்ச் மாதக் கடைசியில் படகு வந்தது. இறக்கும் முன் பத்து ரூபாய் நாணயத்தால் அடி முழுவதும் தட்டிப் பார்த்தோம். நன்றாக ஒட்டின இடத்தில் கணீர் என்று கேட்கும். அடுக்கு பிரிந்திருந்தால் சத்தம் மட்டமாக அமுங்கும். அமரத்துப் பக்கம் (பின்பக்கம்) உள்ளங்கை அளவு ஓரிடத்தில் அமுங்கின சத்தம் வந்தது. கட்டியவர்களே ஆள் அனுப்பி, தேய்த்துத் திறந்து, திரும்ப ஒட்டிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகே மீதிப் பணம் கொடுத்தோம்.

இனி வரும் ஆண்டுக்கான வேலைகள். படகின் பதிவு வேலை நடந்துகொண்டிருக்கிறது. உயிர்காப்பு மேலங்கிகள் வந்துவிட்டன. குழந்தைகளுக்கான சிறிய அளவு இன்னும் வர வேண்டும். படகு வெயிலில் காய்ந்தால் ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சு வெளுத்து மயிரிழை வெடிப்பு விடும், அதனால் கீற்றுக் கொட்டகை போடத் தீர்மானம் கொண்டுவரப்படும். மீன் ஏற்றவோ, சுற்றுலா வருகிறவர்களை அழைத்துப் போகவோ இந்தப் படகை யாரும் கேட்க வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தீர்மானமும் இன்று வாக்கெடுப்புக்கு வருகிறது. ரெசின், மேட், ரெசினை இறுகச் செய்யும் கேட்டலிஸ்ட் அடங்கிய பழுதுபார்ப்புப் பெட்டி ஒன்று சங்க அறையில் எப்போதும் இருக்கும். கேட்டலிஸ்டை ரெசினுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது, தனி அலமாரி.

எஞ்சின் ஓட்டவும் ஃபைபர் ஒட்டவும் பயிற்சி எடுக்க விரும்பும் உறுப்பினர்கள், பெண்கள் உட்பட, கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கவும். சாவி இரண்டு. ஒன்று தலைவரிடம், மற்றொன்று ஏரிக்கரை டீக்கடையில். இரவில் யார் வந்து கேட்டாலும் டீக்கடை அண்ணன் எடுத்துக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்