கையெழுத்து வைக்க முதல்

அன்புள்ள மகள்,

இன்சூரன்ஸ் ஏஜென்ட் படிவம் தந்திருக்கிறார், மாதாமாதம் கட்டினால் இருபது வருடத்தில் பெரிய தொகை வரும் என்கிறார், போடட்டோ என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால் எழுதுகிறேன்.

உனக்கு ஏதும் நடந்தால் (அப்படி ஒன்றும் நடக்காது பிள்ளை) காசுக்கு யார் தவிப்பார்கள்? ஆயுள் காப்புறுதி அவர்களுக்காகத்தான். தம்பி படிப்பு முடிக்கும்வரை வீடு உன் சம்பளத்தையும் நம்பித்தான் இருக்கிறது. ஆகவே உனக்கு அது தேவை. ஆனால் ஏஜென்ட் காட்டுவது சேமிப்பும் கலந்த திட்டம். உயிருக்கு மட்டும், குறித்த காலத்துக்கு எடுக்கும் காப்புறுதியில் கட்டுப்பணம் (மாதாமாதம் கட்டும் காசு) நன்றாகக் குறையும். காலம் முடிந்தால் கட்டிய காசு திரும்பாது, அவ்வளவுதான். கலந்த திட்டத்தை முதல் ஓரிரு வருடத்தில் நிறுத்தினாலும் கையில் பெரும்பாலும் ஒன்றும் வராது. என்னைக் கேட்டால், காப்புறுதியை உயிருக்கு மட்டும் எடு, சேமிப்பை வங்கியில் தனியாக வை.

படிவத்தை நீயே நிரப்பு. சின்னனில் உனக்குத் தொய்வு (ஆஸ்துமா) இருந்தது. பழைய வருத்தங்களைக் கேட்கும் இடத்தில் 'இல்லை' என்று போட்டால் கட்டுப்பணம் ஏறாது என்று ஏஜென்ட் சொல்லக்கூடும். அந்தப் பேச்சைக் கேட்காதே. மறைத்தது பிறகு தெரியவந்தால், காசு தேவைப்படும் நேரத்தில் கம்பனி தர மறுத்துவிடும். உண்மையை எழுதி நூறு ரூபாய் கூடக் கட்டு.

வைத்தியச் செலவுக்கான காப்புறுதி உன் கம்பனியிலேயே இருக்கும், விசாரி. வேலையை விட்டால் அதுவும் போய்விடும். கிளிநொச்சி ஆஸ்பத்திரியிலும் கொழும்பு பெரியாஸ்பத்திரியிலும் வைத்தியம் இலவசம்தான், தனியாரிடம் போனால்தான் செலவு. வைத்தியக் காப்புறுதியைத் தனியாக எடுப்பதென்றால், எந்த வருத்தத்துக்கு எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும், எதற்குத் தரமாட்டார்கள் என்ற பக்கத்தை முதலில் வாசி.

அடுத்தது உன் ஸ்கூட்டி. றோட்டில் ஓட மூன்றாம் தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயம். ஆனால் அது நீ இடித்தவருக்குத்தான், உனக்கோ உன் ஸ்கூட்டிக்கோ இல்லை. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்து வெள்ளம் வந்தது ஞாபகம் இருக்கும். எங்கள் ஒழுங்கையில் ஒருவரின் புது மோட்டார் சைக்கிள் இரண்டு நாள் தண்ணிக்குள் கிடந்தது. எஞ்சினைக் கழற்ற சேறாக வந்தது. காப்புறுதி அட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினார், மூன்றாம் தரப்புக்கு ஒரு சதமும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். கடன் முடியாத வண்டி, பாவம். முழுக் காப்புறுதி எடுத்தாலும் வெள்ளம் அதற்குள் வருகிறதா, நட்டத்தில் முதல் எவ்வளவை நீ ஏற்க வேண்டும் என்று கேட்டு எழுத்தில் வாங்கு.

ஆயுள் காப்புறுதிப் பத்திரம் கைக்கு வந்த பிறகும் 21 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். தகராறு வந்தால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரி இருக்கிறார். கட்டுப்பணம் தவறினால் காப்பு அறுந்துவிடும், சம்பள நாளிலேயே கழியும்படி வங்கியில் சொல்லிவை.

பணம் பெறுபவர் என்ற இடத்தில் அம்மாவின் பெயரை அடையாள அட்டையில் உள்ளபடி எழுது. கையெழுத்து வைக்க முதல் எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பு, ஞாயிறு இருந்து வாசிக்கிறேன்.

அன்புடன்,
அப்பா