கூண்டு ஏறினால் தொட்டி இறங்கும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் வீட்டுத்தோட்டம் பற்றி இரண்டு பக்கம் போட்டிருந்தீர்கள். படங்கள் கண்ணுக்குக் குளிர்ச்சி, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கட்டுரை இப்படி ஆரம்பிக்கிறது: புரட்டாசி பிறந்துவிட்டது, மொட்டை மாடியில் தக்காளி வைக்க இதுதான் நேரம், தினமும் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். எழுதியவர் எந்த ஊர்க்காரரோ, கடலூர்க்காரர் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

நான் கடலூரில் செம்மண்டலம் பக்கம் இருக்கிறேன். மாடியில் 34 தொட்டி, கொல்லையில் இரண்டு கட்டில் போடுகிற அளவுக்கு மண், அதில் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, ரெண்டு வாழை. 2010இல் தொடங்கினேன். நமக்கு வருடத்து மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். புரட்டாசியில் நட்ட தக்காளி நாற்று சரியாக அடைமழை நேரத்தில் பூவெடுக்கும், பூ அப்படியே உதிரும், மிஞ்சியது வேர் அழுகிச் சாயும். மூன்று வருடம் அப்படிப் பறிகொடுத்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. இப்போது ஆடியில் ஒரு தடவை, தையில் ஒரு தடவை, அவ்வளவுதான் விதைப்பு. ஆடியில் போட்ட வெண்டை 45 நாளில் காய்க்க ஆரம்பித்து, மழை பிடிப்பதற்குள் தன் வேலையை முடித்துக்கொள்கிறது. நடுவில் இருக்கும் மழை மாதங்களில் மஞ்சள், சேப்பங்கிழங்கு, பசலை இவைதான் தொட்டியில் இருக்கும். அவை நனைவதற்கென்றே பிறந்தவை.

சரி, அந்தப் பத்து நிமிடக் கணக்குக்கு வருகிறேன். கார்த்திகையில் ஒரு நாள் டிவியில் "கடலூர் துறைமுகத்தில் 3ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு" என்று ஓடும். வெளியூர்க்காரர்களுக்கு அது ஒரு செய்தி. எங்கள் வீட்டில் அது வேலை உத்தரவு. வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே "கூண்டு ஏத்தியாச்சு, உன் பிள்ளைங்களை இறக்கணுமா?" என்பார். கைப்பிடிச் சுவர்மேல் ஒரு தொட்டிகூட இருக்கக் கூடாது, முதலில் அதைத்தான் பார்ப்போம். நனைந்த மண்ணோடு ஒரு பெரிய பை 15 கிலோவாவது இருக்கும், அது மாடியிலிருந்து பறந்து பக்கத்து வீட்டு வண்டிமேல் விழுந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள். எல்லாவற்றையும் தரையில் இறக்கி, மாடிப்படி அறைச் சுவரை ஒட்டி நெருக்கி வைத்து, சுற்றிலும் கயிறு கட்டி விடுவோம். அப்புறம் பச்சை நிழல்வலை. இதைத்தான் பல பேர் மறந்துவிடுகிறார்கள். காற்று வந்தால் அது பாய்மரம் மாதிரி உப்பி, கட்டியிருக்கும் இரும்புக் குழாயையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு போகும். வலையை அவிழ்த்துச் சுருட்டி உள்ளே போட்டுவிட வேண்டும். கடைசியாக மாடித் தண்ணீர் வெளியேறும் குழாய் வாய். அதில் நாலு வாழைச் சருகு அடைத்தால் விடிவதற்குள் மாடி குளமாகிவிடும், ஒரு வருடம் அப்படியே நடந்தும் இருக்கிறது. கீழே கூடத்துச் சுவரில் ஓதம் ஏறி, அத்தை அந்தக் கறையைக் காட்டிக் காட்டி இன்றைக்கும் எனக்குப் பாட்டு விடுவார்.

இதெல்லாம் மிகை என்று தோன்றினால் 2011 டிசம்பர் 30ஐ நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தானே புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் விடியற்காலையில் கரையேறியது. தோட்டம் போட்டு ஒரு வருடம்தான் ஆகியிருந்தது, எனக்கு ஒன்றும் தெரியாது, தொட்டிகளை அப்படியே விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டோம். காலையில் மாடியில் மண் இருந்தது, தொட்டி இல்லை. கொல்லை முருங்கை இடுப்பளவில் முறிந்து கிணற்றுமேல் கிடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்த நேரத்தில் என் நாலு தொட்டிக்கு அழுவது எனக்கே கூச்சமாக இருந்தது, ஆனாலும் அழுதேன். அந்த வருடத்திலிருந்து ஐப்பசி பிறக்கும் முன்பே முருங்கையைக் கவாத்து பண்ணி உயரத்தைக் குறைத்துவிடுகிறேன். முருங்கைக் கட்டைக்கு வலு கிடையாது, தலை கனத்தால் முறியும்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது தொட்டியெல்லாம் கயிற்றுக்குள் பத்திரம், ஒன்றுகூடப் போகவில்லை. ஆனால் தென்பெண்ணைக் கரையோரம் இருக்கும் என் அக்கா வீட்டில் காற்று ஒன்றும் செய்யவில்லை, அடுத்த ரெண்டு நாளில் ஆறு பெருகி வீட்டுக்குள் வந்ததுதான் செய்தது. பப்பாளிக்கு வேரில் தண்ணீர் ரெண்டு நாள் நின்றால் போதும், மஞ்சளாகித் தலை தொங்கிவிடும். ஏழு பப்பாளியும் போயின. வாழை பிழைத்தது. வடிந்த பிறகு கொல்லை முழுக்க வண்டல். அதை வாரி ஒரு மூட்டை எனக்கும் கொடுத்து அனுப்பினாள், "ஆறு எடுத்துக்கிட்டதுக்கு இதுதான் வட்டி" என்று. அந்த மண்ணில்தான் இந்த வருடம் என் கத்தரி நிற்கிறது. விதை, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் காய்கறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே பாலூரில், அவர்களுடைய பாலூர் 1 ரகம். நமக்குப் பக்கத்திலேயே, நம் மண்ணுக்கென்று ரகம் உண்டாக்குகிற நிலையம் இருக்கும்போது உங்கள் கட்டுரை எங்கோ தூரத்துக் கம்பெனி விதையைத் தபாலில் வாங்கச் சொல்கிறது.

மழையை இவ்வளவு திட்டுகிறேனே தவிர, அது இல்லாவிட்டால் எங்கள் மாடி பிழைக்காது. எங்கள் போர்த் தண்ணீர் உப்பு. மாசியிலிருந்தே தொட்டி ஓரத்தில் வெள்ளையாகப் பூக்கத் தொடங்கி, வைகாசியில் இலை நுனியெல்லாம் காய்ந்து கருகிவிடும். ரோஜாவும் எலுமிச்சையும்தான் முதலில் முகம் சுளிக்கும். ஐப்பசி மழை தொட்டி மண்ணில் தங்கிய உப்பைக் கழுவிக் கீழே இறக்கிவிடும், எனக்கு ஒரு பைசா செலவில்லை. ரெண்டு பெரிய டிரம்மில் மழைத் தண்ணீரைப் பிடித்து, கொசு வராமல் துணி கட்டி மூடி வைத்து, தை நாற்றுக்கு அதைத்தான் ஊற்றுகிறேன். குடிநீர் சுத்தம் பண்ணும் மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைச் செடிக்கு விடலாம் என்று கட்டுரையில் ஒரு வரி இருந்தது. வேண்டாம் ஐயா. உள்ளே போன தண்ணீரின் உப்பெல்லாம் அதில்தான் திரண்டு வருகிறது, எங்கள் ஊரில் அதைச் செடிக்கு ஊற்றுவது கடல் தண்ணீரின் தம்பியை ஊற்றுவது மாதிரி.

உரத்துக்கு நான் வெளியே அதிகம் போவதில்லை. முதுநகர் மீன் கடையில் செவுளும் குடலும் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். அதே எடைக்கு வெல்லம் சேர்த்து மூடி வைத்து 21 நாளுக்கு மேல் விட்டால் மீன் அமிலம். லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி, அதற்கு மேல் ஊற்றாதீர்கள். சரியாகப் புளித்தால் பழ வாசனை வரும். என் முதல் தடவை சரியாகப் புளிக்கவில்லை. எதிர்வீட்டு அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து "ஏம்மா, கருவாட்டு வியாபாரம் ஏதும் ஆரம்பிச்சிருக்கியா?" என்று கேட்டார். வெல்லத்தில் கஞ்சத்தனம் காட்டியதுதான் தப்பு.

இவ்வளவு வேலை எதற்கு என்று என் மகளே கேட்கிறாள். அவளுக்கு நான் பதில் சொல்வதில்லை, சாயங்காலம் மாடிக்கு வரச்சொல்வேன். பீர்க்கன் பூ விரிவது அந்திக்கு மேல்தான். காலையில் சுருங்கிக் கிடந்த பந்தல் ஐந்தரை, ஆறு மணிக்கு மஞ்சளாகத் திறக்கும், திறப்பது கண்ணுக்குத் தெரியும், அவ்வளவு வேகம். மாடி உயரத்துக்கு அந்துப்பூச்சி அதிகம் வருவதில்லை, அதனால் ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, அடியில் குட்டிப் பிஞ்சு வைத்திருக்கும் பெண் பூவில் தடவ வேண்டும். அவள்தான் இப்போது தடவுகிறாள். எந்தப் பிஞ்சு அவள் தொட்டது, எது நான் தொட்டது என்று நூல் கட்டிக் கணக்கு வேறு. சுரைக்கும் புடலுக்கும் இதே அந்தி நேரம்தான். பூசணி, பாகல், வெள்ளரி மூன்றும் விடியற்காலை ஆட்கள்.

உங்கள் கட்டுரையில் கொடி வகை எல்லாவற்றுக்கும் காலை ஏழு மணிக்கு மகரந்தம் தடவச் சொல்லியிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு யாரோ ஒருவர் தினமும் காலையில் மூடிய பீர்க்கன் பூவோடு மல்லுக்கட்டிக்கொண்டு, காய் பிடிக்கவில்லை என்று விதை விற்றவரைத் திட்டிக்கொண்டிருப்பார். அடுத்த ஞாயிறு கடலோர மாவட்டங்களுக்கென்று தனியாக ஒரு நாள்கணக்கு போடுங்கள், கூண்டு ஏறினால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்து. அதற்கு இடமில்லை என்றால் பீர்க்கனுக்கு மட்டுமாவது ஒரு வரி திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செம்மண்டலம், கடலூர்.